கிளிக்கா, டிஜிட்டலா: வீட்டில் வண்டி பார்ப்பவர்கள் முதல் டார்க் ரெஞ்ச் வாங்கும் முன்

எட்டு ஆண்டுகளுக்கு முன், பெங்களூரு அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் வைத்து, என் மனைவியின் ஸ்கூட்டருக்கு முதன்முறையாக நானே எஞ்சின் ஆயில் மாற்றினேன். பழைய ஆயிலை வடித்துவிட்டு டிரெயின் போல்ட்டைத் திரும்பப் பூட்டும்போது, எங்கே கசிந்துவிடுமோ என்ற கவலையில் ஸ்பானரை இன்னும் கால் சுற்று இழுத்தேன். அதுவரை கையை எதிர்த்துக்கொண்டிருந்த போல்ட் சட்டென்று இளகி, எதிர்ப்பே இல்லாமல் சுற்றத் தொடங்கியது. போல்ட் எஃகு, எஞ்சின் உடலோ அலுமினியம். உள்ளிருந்த மரை முழுவதும் சுருண்டு போல்ட்டோடு வெளியே வந்துவிட்டது. கலாசிபாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, எஃகு மரைச்சுருள் ஒன்றை உள்ளே வைத்துச் சரிசெய்து கொடுத்தார்கள். அந்தப் போல்ட்டை 24 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) அளவுக்கு முறுக்கினால் போதும் என்று வண்டியின் கையேட்டில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்ததை அன்று இரவுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் என் முதல் டார்க் ரெஞ்ச், அதாவது போல்ட்டில் செலுத்தும் முறுக்குவிசையை அளக்கும் ரெஞ்ச். இன்று என் பெட்டியில், குறித்த அளவை எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் பெரிய கிளிக் ரெஞ்ச் ஒன்றும், அளவைத் திரையில் காட்டும் சிறிய டிஜிட்டல் ரெஞ்ச் ஒன்றும் இருக்கின்றன. வார இறுதியில் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, அருகில் வந்து நிற்கும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இரண்டில் எது நல்லது? என் விடை எப்போதும் ஒன்றுதான். வகையைப் பற்றி யோசிப்பதற்கு முன், எத்தனை முதல் எத்தனை நியூட்டன் மீட்டர் வரை அளக்கும் ரெஞ்ச் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். தவறான அளவில் வாங்கிய விலையுயர்ந்த டிஜிட்டல் ரெஞ்சைவிட, சரியான அளவில் வாங்கிய சாதாரணக் கிளிக் ரெஞ்ச் பலமடங்கு பயன் தரும்.

போல்ட்டை முறுக்கும்போது நடப்பது என்ன

முறுக்குவிசை என்பது நாம் கைப்பிடியில் கொடுக்கும் விசையையும், போல்ட்டின் நடுவிலிருந்து கை இருக்கும் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து 25 கிலோ எடைக்குச் சமமான விசையால் இழுத்தால், ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஆனால் நமக்கு உண்மையில் தேவைப்படுவது முறுக்குவிசை அன்று. போல்ட் மிகச் சிறிதளவு நீண்டு, ரப்பர் வளையம்போல் இரு பாகங்களையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடிப்பு விசைதான் நமக்கு வேண்டியது. அதை நேரடியாக அளக்க வீட்டில் வழியில்லாததால், முறுக்குவிசையை அளந்து பிடிப்பை ஊகிக்கிறோம்.

இந்த ஊகத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவும், சுமார் பத்தில் நான்கு பங்கு மரையில் உராய்வாகவும் போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பிடிப்பு விசையாக மாறுகிறது. ஆகவே மரையில் எண்ணெய் பட்டு உராய்வு கொஞ்சம் குறைந்தாலும், ரெஞ்ச் காட்டும் எண் மாறாமலே போல்ட் வெகுவாகக் கூடுதலாக இழுபடும். துருவும் மண்ணும் இருந்தால் இதற்கு நேர்மாறாக, எண் சரியாக இருந்தும் பிடிப்பு போதாமல் போகும். ஒரு சதவீதத் துல்லியம் என்று பெட்டியில் அச்சிட்ட டிஜிட்டல் ரெஞ்சைப் பார்த்து ஆசைப்படும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையைத் துடைக்காதவருக்கு அந்த ஒரு சதவீதத்தால் பயன் இல்லை. எண்ணெய் தடவச் சொல்லிக் கையேடு கூறாத இடத்தில் மரையை உலர்ந்த நிலையிலேயே பூட்டுங்கள். கார் சக்கர நட்டுகளுக்கு இது மிகவும் முக்கியம்.

முதல் படி: ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் உண்மையிலேயே கழற்றப் போகும் போல்ட்டுகளை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையேடு சொல்லும் முறுக்குவிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். என்றாவது எஞ்சினையே பிரிப்போம் என்ற கனவுக்கு இப்போது இடம் கொடுக்க வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் இந்தப் பட்டியல் பத்து வரியைத் தாண்டாது.

எண்கள் எப்படி இருக்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன். சாதாரணக் கார்களின் சக்கர நட்டுகள் பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஹோண்டா சிட்டிக்கு 108. ஸ்பார்க் பிளக் எஞ்சினின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் பூட்டப்படுவது என்பதால் அதற்கான எண்கள் சிறியவை: 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்குக்கு 10 முதல் 12, 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30. இருசக்கர வண்டியின் எஞ்சின் மூடிகளைப் பிடித்திருக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10 அல்லது அதைச் சுற்றி இருக்கும். பின்சக்கர அச்சு நட்டுக்கு வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கையேட்டில் பாராமல் யாரிடமும் கேட்டுப் பூட்ட வேண்டாம். சனிக்கிழமை விடியலில் நந்தி மலைக்குச் சைக்கிள் மிதிப்பவர்களின் உலகம் இன்னும் நுட்பமானது. கார்பன் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் சிறு திருகுகளுக்கு 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் அளவே வரும், அந்த எண் பெரும்பாலும் பாகத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

பழைய கையேடுகளில் அளவு கிலோகிராம் மீட்டரில் இருக்கும், அதை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். அமெரிக்கப் பவுண்ட் அடியில் இருந்தால் 1.356 ஆல் பெருக்குங்கள். பட்டியல் முழுவதையும் நியூட்டன் மீட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. 2.4 என்ற எண்ணைப் பார்த்து நியூட்டன் மீட்டர் என்று நினைத்துப் பூட்டினால், போல்ட் போதிய அளவு இறுகியிருக்காது.

இரண்டாம் படி: அளவும் சதுர முனையும்

ஒரு டார்க் ரெஞ்ச் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து உச்சம் வரைதான் நம்பத்தக்கது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 வரை போகும் ரெஞ்சைக் கொண்டு 20 நியூட்டன் மீட்டரை அளப்பது, அரிசி மூட்டைத் தராசில் தங்கம் நிறுப்பதைப் போன்றது. உங்கள் பட்டியலில் அதிகம் வரும் எண்கள் ரெஞ்சின் நடுப்பகுதியில் விழுமாறு பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

கார் சக்கரத்துக்கு அரை அங்குலச் சதுர முனை (சாக்கெட்டை மாட்டும் முனை) உள்ள ரெஞ்ச். சந்தையில் 28 முதல் 210 வரையிலும், 40 முதல் 200 வரையிலும் இவை பரவலாகக் கிடைக்கின்றன. இருசக்கர வண்டிக்கு எட்டில் மூன்று அங்குல முனை, அதாவது பட்டறையில் மூன்று நூல் என்று சொல்லும் அளவு. 10 முதல் 60 வரை போவது போதும். சைக்கிளுக்கும் மிகச் சிறிய போல்ட்டுகளுக்கும் கால் அங்குல முனை, 2 முதல் 20 அல்லது 25 வரை. எல்லாவற்றையும் ஒரே ரெஞ்சால் செய்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். காரும் ஸ்கூட்டரும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு ரெஞ்சுகள் தேவைப்படும். அவற்றை ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கிளிக் ரெஞ்சைப் புரிந்துகொள்ளுங்கள்

குழாய் வடிவக் கைப்பிடிக்குள் ஒரு தடித்த சுருள் வில் இருக்கிறது. கைப்பிடியைத் திருகும்போது அந்த வில் அழுத்தப்படுகிறது. வில்லின் முன்முனை ஒரு சிறு கட்டையை அழுத்திப் பிடித்து, சதுர முனையோடு இணைந்த நெம்புகோலை நேராக நிறுத்தி வைக்கிறது. நாம் இழுக்கும் முறுக்குவிசை வில்லின் பிடியை மிஞ்சும் கணத்தில் கட்டை சாய்ந்து, நெம்புகோல் குழாயின் உட்சுவரில் மோதுகிறது. நமக்குக் கேட்கும் ஓசையும் கையில் உணரும் தளர்வும் அதுதான். மின்கலம் இல்லை, திரை இல்லை. மழைக்கால ஈரத்தையும் கீழ்த்தளத் தூசியையும் தாங்கிக்கொள்ளும்.

டார்க் ரெஞ்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி இவ்வகை ரெஞ்சின் பிழை, 10 நியூட்டன் மீட்டருக்கு மேலான ரெஞ்சுகளில் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதத்துக்குள்ளும், 10 வரையிலான சிறிய ரெஞ்சுகளில் 6 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். மேலே சொன்ன உராய்வுச் சிக்கலோடு ஒப்பிட்டால், வீட்டு வேலைக்கு 4 சதவீதம் தாராளமாகப் போதும்.

இதன் குறை அந்தக் கிளிக்கிலேயே இருக்கிறது. தளர்வு சில பாகை அளவுக்குத்தான். அதன் பிறகும் இழுத்தால் ரெஞ்ச் திடமான கம்பியாகி, நம் முழு பலமும் போல்ட்டில் இறங்கிவிடும். கிளிக் ரெஞ்ச் நம்மைத் தடுத்து நிறுத்தும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அது அறிவிக்கும் கருவி மட்டுமே. பெரிய எண்களில் ஓசை உரக்க இருக்கும், தளர்வும் தெளிவாகத் தெரியும். அளவின் அடிப்பகுதியில் ஓசை மெலிந்துவிடும். 12 நியூட்டன் மீட்டரில் முதன்முறை பூட்டுபவர் கிளிக்கைத் தவறவிட்டு மேலும் இழுத்துவிடுவது எளிதில் நடக்கும். எவ்வளவு மிகையாகப் போயிற்று என்று பிறகு சொல்லவும் அதற்கு வழியில்லை.

நான்காம் படி: டிஜிட்டல் ரெஞ்சைப் புரிந்துகொள்ளுங்கள்

இதன் தலைப்பகுதியில் திரிபளவி என்னும் மெல்லிய உணரி உலோகத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். நாம் இழுக்கும்போது அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உணரியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைச் சிறு மின்சுற்று எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. குறித்த அளவை நெருங்கும்போது விட்டுவிட்டு ஒலித்து, அளவை எட்டியதும் தொடர்ந்து ஒலிக்கும். விளக்கின் நிறம் மாறும். சிலவற்றில் கைப்பிடி அதிரும். ஒன்று அல்லது இரண்டு சதவீதத் துல்லியம் சொல்லும் ரெஞ்சுகள் பல உண்டு.

இதன் உண்மையான வலிமை துல்லியம் அன்று. முதலாவது, சிறிய எண்களை நெருங்கி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மெல்ல இழுக்கலாம். இரண்டாவது, உச்ச அளவு திரையில் நிற்கும் என்பதால் இரண்டு நியூட்டன் மீட்டர் மிகையாகப் போனாலும் அது தெரிந்துவிடும்; அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்றாவது, சில டிஜிட்டல் ரெஞ்சுகள் கோணத்தையும் அளக்கின்றன. இன்றைய எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட நியூட்டன் மீட்டர் வரை பூட்டிவிட்டு, பிறகு 90 பாகை, மீண்டும் 90 பாகை என்று திருப்பச் சொல்வது வழக்கம். உராய்வால் வரும் ஏமாற்றத்தைக் கோணம் வெகுவாகக் குறைக்கிறது என்பதே இதற்குக் காரணம். அப்படிப்பட்ட போல்ட்டுகள் நிரந்தரமாக நீளும் அளவுக்கு இழுக்கப்படுவதால், கையேடு சொன்னால் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதையே போட வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிஜிட்டல் ரெஞ்சுகளில் கிளிக் என்ற தளர்வே இல்லை. ஓசூர் சாலை ஓரத்தில் லாரிகள் இரையும்போது மெல்லிய பீப் ஒலி காதில் விழாது. நடுப்பகல் வெயிலில் திரை சரியாகத் தெரியாது. காரின் அடியில் படுத்திருக்கும்போது திரை உங்களுக்கு எதிர்ப்புறமாக இருக்கும். வேகமாக இழுக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒலி வந்த பிறகும் இழுத்துவிடுவார்கள். கீழே விழுந்தால் அடி நேராக உணரியில் படலாம். ஒரே அளவுள்ள கிளிக் ரெஞ்சைவிட விலையும் கூடுதல்.

இவை இரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ராட்செட்டுக்கும் (சாக்கெட்டைத் திருப்பும் சாதாரணக் கைப்பிடி) சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் டிஜிட்டல் டார்க் அடாப்டர் அது. உங்கள் பழைய ராட்செட்டையே அளக்கும் கருவியாக மாற்றிவிடும். இடுக்கான இடத்தில் அதன் உயரம் தொந்தரவு தரும், மற்றபடி நல்ல ஏற்பாடு. முள் நகரும் பழைய வகை ரெஞ்சும் இன்னும் கிடைக்கிறது. தேய்மானம் மிகக் குறைவு, நேர் எதிரே கண்ணை வைத்துப் பார்க்க இடமிருந்தால் நம்பலாம்.

யார் எதை வாங்குவது

உங்கள் பட்டியலில் கார் சக்கர நட்டுகளே முதன்மை என்றால், யோசிக்காமல் அரை அங்குலக் கிளிக் ரெஞ்ச் வாங்குங்கள். 100 நியூட்டன் மீட்டரில் கிளிக் தெளிவாகக் கேட்கும், கைக்கும் தெரியும். பொங்கலுக்குச் சேலத்துக்கோ வேலூருக்கோ கிளம்பும் முன் காலை நான்கு மணிக்குச் சக்கரத்தைச் சரிபார்க்கும்போது, மின்கலம் தீர்ந்திருக்குமோ என்ற கவலையும் இராது.

ஸ்கூட்டர் அல்லது பைக்கின் எஞ்சினில் கை வைப்பவர்கள், குறிப்பாக 10 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் அலுமினியத்தில் பூட்டுபவர்கள், எட்டில் மூன்று அங்குல டிஜிட்டல் ரெஞ்சைப் பரிசீலிக்கலாம். கிளிக்கைக் கேட்டுப் பழகாத புதியவர்களுக்கு, எண் மேலேறுவதைக் கண்ணால் காண்பது பெரிய துணை. என் ஸ்கூட்டருக்கு நேர்ந்தது உங்கள் வண்டிக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். கோணம் அளக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, ஹெட் போல்ட்டுகளைத் தொடப் போகிறவர்களுக்கு மட்டும் தகும். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள், கால் அங்குல முனையுள்ள சிறிய ரெஞ்சில் எந்த வகையை வாங்கினாலும் சரி. 4 நியூட்டன் மீட்டர் அதன் அளவுக்குள் நன்றாக அடங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சிவாஜிநகரில் நாற்பது ஆண்டுகளாக வண்டி பார்க்கும் மூத்த மெக்கானிக் ஒருவர் என் ரெஞ்சைப் பார்த்துவிட்டு, “கைக்கே தெரியும் தம்பி, இது எதுக்கு?” என்றார். அவர் கைக்குத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே வகைப் போல்ட்டை ஆயிரக்கணக்கான முறை பூட்டிய கை அது. ஆண்டுக்கு நான்கு முறை ஸ்பானர் பிடிக்கும் என் கைக்கு அந்த நினைவு இல்லை. “உங்க கை எனக்கு இல்லையே அண்ணா” என்றேன்.

கடையில் பார்க்க வேண்டியவை

பெங்களூருவில் எஸ்.பி. ரோட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் கருவிக் கடைகள் நெருக்கமாக உள்ளன, ஜே.சி. ரோடும் கலாசிபாளையமும் வண்டி உதிரிபாகங்களுக்குப் பேர்போனவை. இணையத்தில் வாங்குவதைவிட நேரில் போவதை நான் விரும்புவதற்குக் காரணம், ரெஞ்சைக் கையில் எடுத்துத் திருகிப் பார்க்கலாம் என்பதே.

பெட்டிக்குள் அளவுத்திருத்தச் (காலிப்ரேஷன்) சான்று இருக்க வேண்டும்; அதில் உள்ள வரிசை எண்ணும் ரெஞ்சில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் பொதுவாக அச்சடித்த தாளைச் சான்றாகக் கொள்ள முடியாது. கிளிக் ரெஞ்சில் அளவுக்கோடுகள் பொறிக்கப்பட்டுள்ளனவா, வெறும் வண்ணமா என்று பாருங்கள். வண்ணம் விரைவில் தேயும். வைத்த அளவு நகராமல் நிறுத்தும் பூட்டு திடமாகப் பிடிக்கிறதா, கைப்பிடி தடையின்றிச் சீராகத் திரும்புகிறதா என்று சோதியுங்கள். இரு பக்கமும் அளக்குமா என்று கேளுங்கள். ராட்செட் இரு பக்கமும் திரும்பினாலும் அளவு வலப்புறம் மட்டுமே என்ற ரெஞ்சுகள் ஏராளம். சைக்கிளின் இடது பெடலுக்கு இடமரை என்பதால் சைக்கிள்காரர்களுக்கு இது முக்கியம். டிஜிட்டலில் எந்த மின்கலம் போடுவது, அது தெருமுனைக் கடையில் கிடைக்குமா, திரை வெளிச்சத்தில் தெரிகிறதா, குறித்த அளவை அணைத்த பிறகும் நினைவில் வைக்கிறதா என்பவற்றைப் பாருங்கள்.

முதல் வேலை: கார் சக்கரம்

பழகுவதற்கு இதைவிட நல்ல வேலை இல்லை. டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் பூட்டிய நட்டுகள் எவ்வளவு இறுகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது; நடுவழியில் பஞ்சரானால் காரோடு வந்த சிறு ஸ்பானரால் அவற்றை அசைக்கவே முடியாமல் போகும். நட்டுகள் சமமின்றி இறுகினால் பிரேக் டிஸ்க் கோணலாகி, பிரேக் பிடிக்கும்போது அதிர்வு வரவும் கூடும்.

நட்டைத் தளர்த்த டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு நீளமான சாதாரணக் கம்பியே சரி. சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் கடைசி வரை திருகி, சாதாரண ஸ்பானரால் லேசாக அமர்த்தி, காரைத் தரையில் இறக்குங்கள். இனி டார்க் ரெஞ்ச். 28 முதல் 210 வரையிலான கிளிக் ரெஞ்சுகள் பலவற்றில் கைப்பிடியின் ஒரு முழுச் சுற்று 14 நியூட்டன் மீட்டர். 108 வேண்டுமென்றால் குழாயில் 98 கோட்டில் கைப்பிடியின் சுழியத்தை நிறுத்தி, பிறகு கைப்பிடியில் 10 வரும் வரை திருகிப் பூட்டைப் போடுங்கள். எப்போதும் குறைவான எண்ணிலிருந்து மேலேறி வந்து நிறுத்துங்கள். நெடுநாள் பெட்டியில் கிடந்த ரெஞ்சை, உள்ளிருக்கும் உயவு பரவுவதற்காக ஏதாவதொரு இறுகிய போல்ட்டில் ஐந்தாறு முறை கிளிக் செய்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

டிஜிட்டல் என்றால் முதலில் செய்ய வேண்டியது, ரெஞ்சைச் சமமான இடத்தில் வைத்து, தொடாமல் இயக்கி, சுழியம் வரும் வரை காத்திருப்பது. போல்ட்டில் மாட்டிக் கையால் அழுத்தியபடி இயக்கினால், அந்த அழுத்தத்தையே சுழியமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் காட்டும் ஒவ்வோர் எண்ணும் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். நீங்கள் ஒவ்வொரு நட்டையும் மிகையாக இறுக்குவீர்கள். டிஜிட்டல் ரெஞ்சில் புதியவர்கள் செய்யக்கூடிய ஆபத்தான பிழை இதுவே என்று கருதுகிறேன்.

கைப்பிடியின் நடுவில் ஒரே கையால் பிடித்து, மற்றக் கையால் தலைப்பகுதியை லேசாகத் தாங்கி, ஒரே சீராக இழுங்கள். வெட்டி இழுக்கக் கூடாது. கைப்பிடியில் குழாய் செருகி நீட்டக் கூடாது. ஐந்து நட்டு என்றால் நட்சத்திரம் வரைவதுபோல் ஒன்றுவிட்டு ஒன்றாக, நான்கு என்றால் குறுக்காக. முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாம் சுற்றில் முழு அளவு. கிளிக் ஒருமுறை கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். உறுதிப்படுத்திக்கொள்வதாக நினைத்து இரண்டு மூன்று முறை கிளிக் செய்பவர்கள், ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக இறுக்குகிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும். பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி ஏறத்தாழ அந்தத் தொலைவுதான். காப்பிக்கு நிறுத்தும் இடத்தில், சக்கரம் ஆறிய பிறகு சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும்.

நீட்டிப்புகளைப் பற்றி ஒரு சொல். சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் இடையே நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் கம்பி அளவை மாற்றாது. காக்கைக்கால் போன்ற பக்கவாட்டு முனையை ரெஞ்சின் நீளவாக்கில் மாட்டினால் மாற்றும்: 40 சென்டிமீட்டர் ரெஞ்சில் 5 சென்டிமீட்டர் கூடினால், 45 நியூட்டன் மீட்டர் வேண்டிய இடத்தில் 40 என்றுதான் வைக்க வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை

ரெஞ்ச் இன்னும் சரியாக இருக்கிறதா என்று தோராயமாக அறிய, வைஸும் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைப் பிடிப்பான்) எடை தெரிந்த பொருளும் போதும். சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்கு இணையாக நிற்குமாறு வைத்து, முனையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுக்கோடு வரை அளந்துகொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் என்றால், அங்கே 10 கிலோவைத் தொங்கவிடும்போது பெங்களூருவின் ஈர்ப்பு முடுக்கமான சுமார் 9.78 இன்படி 39.1 நியூட்டன் மீட்டர் கிடைக்கும்.

இதில் பலரும் மறப்பது ரெஞ்சின் சொந்த எடையை. 1.2 கிலோ ரெஞ்சின் சமநிலைப் புள்ளி முனையிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால், அதன் எடையே 2.3 நியூட்டன் மீட்டர் கூட்டிவிடும். அது 39 இல் 6 சதவீதம். நாம் சோதிக்க வந்த 4 சதவீதத்தைவிடப் பெரியது. ஆகவே ரெஞ்சை ஒரு ஸ்குரூடிரைவரின் மேல் குறுக்காக வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 41.4 என்று வந்தால், 39 இல் வைத்த ரெஞ்ச் எடையை மெல்ல விடும்போது கிளிக் செய்ய வேண்டும். 44 இல் வைத்தது செய்யக் கூடாது. டிஜிட்டல் ரெஞ்சை வைஸில் அதே நிலையில் நிறுத்திய பிறகு சுழியமாக்கினால் சொந்த எடையின் பாதிப்பு பெரும்பாலும் கழிந்துவிடும். திரை 39 ஐ ஒட்டிக் காட்டினால் போதும்.

வைப்பதும் அளவுத்திருத்தமும்

கிளிக் ரெஞ்சை வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த குறியீட்டுக்குத் திருப்பி வைக்க வேண்டும். அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும் வில் தளரும். அந்தக் குறியீட்டுக்கும் கீழே திருகித் தளர்த்தினால் உள்பாகங்கள் இடம் மாறிவிடும், அதுவும் தவறு. டிஜிட்டல் ரெஞ்சை மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் மின்கலத்தைக் கழற்றி வையுங்கள். கசிந்த மின்கலம் மின்சுற்றையே அரித்துவிடும். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் அதை விட்டுவிட வேண்டாம். முழு அளவைத் தாண்டி இழுத்தால் உணரி நிரந்தரமாகப் பழுதாகலாம் என்பதையும் ரெஞ்சை உங்களிடம் இரவல் வாங்குபவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஐ.எஸ்.ஓ. 6789 தரம் 12 மாதம் அல்லது 5000 முறை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது அளவுத்திருத்தம் செய்யச் சொல்கிறது. வீட்டில் 5000 முறை என்பது பல பத்தாண்டுகள் ஆனாலும் வராது. நான் ஆண்டுக்கு ஒருமுறை எடையைத் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குக் கொடுக்கிறேன். கீழே விழுந்தால் அன்றே நிறுத்திவிட்டுக் கொடுக்கிறேன். பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் அளவுத்திருத்த ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆய்வகங்களுக்கு ஏற்பு வழங்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல். அமைப்பின் ஏற்பு பெற்ற ஆய்வகமா, அந்த ஏற்பில் முறுக்குவிசைக் கருவிகளும் உங்கள் ரெஞ்சின் அளவும் அடங்குமா என்று தொலைபேசியில் முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். திரும்பி வரும் சான்றில், குறைந்தது மூன்று இடங்களில் அளந்த எண்கள் தனித்தனியே இருக்கும். அவற்றில் உங்கள் வேலைக்கு அருகிலுள்ள எண்ணின் பிழையை ஒரு சிறு தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் தேதியோடு ஒட்டி வையுங்கள்.